இடது கையால் கூப்பிடும் பூனை

செப்டம்பர் 12, வெள்ளி

காலை ரத்த அழுத்தம் 150/94. நடை நாற்பது நிமிடம். உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டர்தான் தினமும் எழுதி வைக்கவும் சொன்னார். எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குத் தபால்காரர் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். ஜப்பானிலிருந்து, என் மனைவி அமிர்தவல்லி பெயருக்கு. நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன், என் பெயர் எங்கும் இல்லை. மேலே எடை 1.150 கிலோ என்று போட்டிருந்தது. ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆனாலும் எடை அளவு ஆய்வாளரின் கை சும்மா இருக்காது. நம் வீட்டுத் தராசில் 1.162. பன்னிரண்டு கிராம் கூடுதல். கூடுதலாக இருந்தால் குற்றம் இல்லை, விட்டுவிட்டேன்.

உள்ளே ஒரு பீங்கான் பூனை. உயரம் பதினேழரை சென்டிமீட்டர், எடை 610 கிராம். சிவப்புக் காது. கழுத்தில் சிவப்புப் பட்டை, அதில் பொன் நிறத்தில் ஒரு மணி. விலாவிலும் முதுகிலும் மஞ்சளும் நீலமுமாகச் சாமந்திப் பூக்கள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. உட்கார்ந்தபடி ஒரு கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கவிழ்த்து, இங்கே வா என்கிறது. நம் தெருவில் ஆளைக் கூப்பிடுகிற அதே தினுசு. ஒரே ஒரு குறை. தூக்கியிருப்பது இடது கை.

அடியில் நீல மையில் ஏதோ எழுதியிருக்கிறது. ஜப்பான் எழுத்தாக இருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாது.

கூடவே ஒரு கடிதம். அமிர்தம் அதை எனக்குக் கேட்கவேண்டும் என்றே உரக்கப் படித்தாள். "அம்மா, இது கூப்பிடும் பூனை. இங்கே கடை வாசலில், வீட்டு வாசலில் வைப்பார்கள். வலது கை தூக்கியது பணத்தைக் கூப்பிடும், இடது கை தூக்கியது ஆட்களைக் கூப்பிடும் என்பார்கள். நம் வீட்டுக்குப் பணம் வேண்டாம், ஆள் வந்தால் போதும். கொலுவில் வையுங்கள். வேணி."

வேணி எங்கள் ஒரே மகள். சேத்தோ என்ற ஊரில் இருக்கிறாள். இதைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

செப்டம்பர் 13, சனி

பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற பரம்பரை எங்களுடையது. இப்போது டி.வி. பக்கத்தில் ஒரு பூனை நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. இன்று மட்டும் நான் அதன் குறுக்கே பதினான்கு முறை போனேன். சகுனம் யாருக்குக் கெட்டது என்று தெரியவில்லை.

அடியில் தூசி. துடைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

மாலை ஐந்து மணிக்கு அமிர்தத்துக்கு வீடியோ கால். நான் மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். மல்லிகை ஹால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அது நான் வைத்த இடம் அல்ல, வீடு கட்டும்போதே இருந்தது.

வேணிக்குச் சளி பிடித்திருக்கிறது. பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னல் திறந்திருந்தால் காதில் விழத்தான் செய்யும்.

செப்டம்பர் 17, புதன்

150/96.

சாப்பிடும்போது அமிர்தம் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வேணியும் அந்தப் பையனும் இருபத்தாறாம் தேதி சென்னைக்கு வருகிறார்களாம். பீங்கான் சாமான் கண்காட்சி. அந்தப் பையனின் குடும்பத்துக்குப் பூனை பொம்மை செய்கிற பட்டறை இருக்கிறது, அதற்காக. அக்டோபர் நான்காம் தேதி ராத்திரி விமானம்.

"சென்னையிலருந்து வேலூருக்கு மூணு மணி நேரம்தான்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் போயிட்டு வந்தவன்."

"அப்போ கூப்பிடுங்க."

"நீ கூப்பிட வேண்டியதுதானே? நான் என்ன கையைப் பிடிச்சா தடுக்கறேன்?"

"நான் கூப்பிட்டுட்டேன். ஆறு வாட்டி கூப்பிட்டுட்டேன். 'அப்பா கூப்பிடாம அந்த வாசலுக்கு வரக்கூடாதுன்னு சொன்னாரும்மா, அவர் வாயால வாங்கன்னு சொல்லட்டும், அடுத்த பஸ்ல வந்துடறோம்'னு சொல்றா. தணிகாசலம் பொண்ணு வேற எப்படி இருப்பா? மில்லிகிராம் பிசகமாட்டா."

உண்மைதான், சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜப்பானிலேயே அந்தப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதாக அவள் போன் செய்த அன்று. 'நான் கூப்பிடாம இந்த வாசப்படி ஏறாதே' என்றேன். கோபத்தில் பேசுகிற பேச்சை யாராவது எடைபோட்டுப் பேசுவார்களா?

ரசத்தில் உப்பே இல்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு, அமாவாசை

பரணிலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்கினோம். ஏழு படி கட்டினேன், மட்டம் வைத்துப் பார்த்து. பொம்மைகளைத் துடைத்துக் கொடுக்கிற வேலையும் எனக்கு.

மரப்பாச்சி, தசாவதாரம், செட்டியார், கல்யாண செட், எதைத் திருப்பினாலும் அடியில் பென்சிலில் 43, 43, 43. அது என் ஆய்வாளர் எண். சர்வீஸ் முழுக்க நான் சரிபார்த்த ஒவ்வொரு எடைக்கல்லிலும் அதைத்தான் முத்திரையாக அடித்தேன். வேணிக்கு ஐந்து வயது இருக்கும்போது, பொம்மையைத் தராசில் வைத்து, தலையை ஆட்டி, 'பாஸ்' என்று சொல்லி, அடியில் என் எண்ணைக் கிறுக்குவாள். அந்தத் தலையாட்டல் யாரிடம் கற்றதோ தெரியாது.

அமிர்தம் ஈரத்துணி கொடுத்தாள். அந்த எண்களைத் துடைக்கவில்லை. மண் பொம்மையில் ஈரம் படக்கூடாது.

செப்டம்பர் 22, திங்கள்

கொலு முதல் நாள். பூனை நான்காம் படியில். வருகிற சுமங்கலிகளை இடது கையால் வா என்று கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும்? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சவரக் கண்ணாடியைச் சுவரோரம் சாய்த்து, பூனையை அதைப் பார்த்து உட்கார வைத்தேன். கண்ணாடியில் பூனை வலது கையால் கூப்பிடுகிறது. மரியாதையும் ஆயிற்று, பூனையும் ஆயிற்று. பின்னால் இருந்து முதுகுச் சாமந்தியும் தெரிகிறது.

என் மூளைக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன். அமிர்தம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அர்த்தம்.

கொண்டைக்கடலைச் சுண்டல்.

செப்டம்பர் 24, புதன்

சொல்லிவிட்டாள்.

"அது கண்ணாடியில தன்னையே கூப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்குது. பார்த்தா யார் ஞாபகமோ வருது."

பதில் சொல்ல நேரமில்லை, வாசலில் கூட்டம். போன வருஷம் மூன்றாம் நாள் வரைக்கும் வந்தவர்கள் பதினொரு பேர். இந்த வருஷம் நாற்பத்தாறு. ஜப்பான் பூனை கண்ணாடி பார்க்கிறது என்று தெருவெல்லாம் பரவிவிட்டது. பின்தெருவிலிருந்துகூட வருகிறார்கள். உள்ளே நுழைகிற குழந்தைகள் முதலில் பூனையைப் பார்த்து இடது கையைத் தூக்கி ஆட்டிவிட்டுத்தான் அம்மனைக் கும்பிடுகிறார்கள். இரண்டு படி காராமணி ஏழு மணிக்கெல்லாம் காலி. அமிர்தம் பொரியைக் கொடுத்துச் சமாளித்தாள். அவள் முகத்தில் இவ்வளவு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ஆட்களைக் கூப்பிடும் என்று வேணி எழுதியது சரியாகத்தான் இருக்கிறது போல.

செப்டம்பர் 25, வியாழன்

முத்திரை பார்க்கிற பழைய பூதக்கண்ணாடியால் முதுகுச் சாமந்தியைப் பார்த்தேன். சும்மாதான். இதழ்கள் எல்லாம் வலது பக்கம் தடித்து இடது பக்கம் மெலிகின்றன. தூரிகையை வலமிருந்து இடமாக இழுத்திருக்கிறார்கள்.

வரைந்தவர் இடது கைக்காரர்.

செப்டம்பர் 26, வெள்ளி

காலையில் சென்னை வந்து இறங்கிவிட்டார்களாம். வெயில் தாங்கவில்லை என்று அந்தப் பையன் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு அலைகிறானாம். வேலூர் வெயிலைப் பார்த்தால் என்ன செய்வான்? பார்க்கப்போகிறான் என்று சொல்லவில்லை.

மல்லிகை இலை மஞ்சளாகிறது. என்ன குறை என்று புரியவில்லை. தண்ணீர் மூன்று வேளையும் ஊற்றுகிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று நான் சத்தம் போட்டுவிட்டேன். எதிர்வீட்டுக் குணவதி அம்மாள் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான்கு வயது, பெயர் தன்யா. பாவாடை சட்டை போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். சுண்டல் பொட்டலத்தை நீட்டினேன். குழந்தை இடது கையை நீட்டியது. குணவதி அம்மாள் அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தார்.

"எத்தினி வாட்டி சொல்றது? சோத்துக் கையால வாங்கு!"

குழந்தை அழவில்லை. கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"விடுங்கம்மா! எந்தக் கையா இருந்தா என்ன? ஆசையா நீட்டுது! அந்தப் பூனை இடது கையில கூப்பிட்டுத்தானே இத்தனை பேர் வந்திருக்கீங்க?"

குணவதி அம்மாள் வாயைப் பிளந்தார். நான் குனிந்து குழந்தையின் பின்னால் இருந்த கையைத் தேடிப் பிடித்து, அதில் பொட்டலத்தை வைத்தேன். தாராளமாகவே கொடுத்தேன். இரண்டு பொட்டலம்.

அமிர்தம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை வலித்தது, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 29, திங்கள்

அழுத்தம் பார்க்கவில்லை.

இந்தக் குறிப்பேட்டில் பொய் எழுதியிருக்கிறேன். ஆய்வாளர் பொய்க் கணக்கு எழுதக்கூடாது, திருத்துகிறேன்.

பூனையின் அடியில் இருப்பது ஜப்பான் எழுத்து இல்லை. 43 என்று இருக்கிறது. பக்கத்தில் இந்த வருஷம். முத்திரையில் நான் அடித்த அதே அமைப்பு. பெட்டியைப் பிரித்த முதல் நாளே பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு தூசி துடைக்கிற சாக்கில் தினமும் பார்த்தேன். அடியில் தூசியே இல்லை.

அந்தச் சாமந்தியை வரைந்தது யார் என்றும் தெரியும். வேணிக்கு நான்கு வயதிலிருந்தே இடது கைதான். எழுதுவது, சாப்பிடுவது, கோலம் போடுவது எல்லாம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று அவள் இடது கையில் என் கைக்குட்டையைக் கட்டிவிடுவேன், சாப்பாடு முடிகிற வரைக்கும். அவள் அழமாட்டாள். கையைப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். வலது கையால் எழுதக் கற்றுக்கொண்டாள், எல்லாவற்றிலும் முதலாக வந்தாள், நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அந்தக் கையை அவள் எங்கேயோ பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். யாரோ ஒரு பையன் பட்டறையில் உட்காரவைத்து, எந்தக் கை வருகிறதோ அந்தக் கையால் போடு என்று சொல்லித் தூரிகையைக் கொடுத்திருக்கிறான்.

எடைக்கல்லுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை போட வேண்டும், தேய்மானம் பார்த்து. நான் அவளோடு பேசி இரண்டு வருஷம் முடிந்து பதினேழு நாள் ஆகிறது.

எனக்கு என் மகளைப் பார்க்க வேண்டும். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

வாங்க என்பது மூன்றே எழுத்து. குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். 'வாங்க.' கடைக்காரன் மாதிரி இருந்தது. 'வாம்மா வேணி.' பாதியிலேயே குழாயைத் திறந்துவிட்டேன். 'நீங்க ரெண்டு பேரும் வரலாம்.' ஆபீஸ் உத்தரவு.

வெளியே அமிர்தம் கதவைத் தட்டினாள். "உள்ள யாரைங்க கூப்பிடறீங்க?"

"வெந்நீர் வரலைன்னு சொன்னேன்."

அக்டோபர் 1, புதன், சரஸ்வதி பூஜை

என் பழைய தராசையும் பூதக்கண்ணாடியையும் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்தேன். போனையும் வைத்தாள் அமிர்தம். பூஜையில் வைத்ததை இன்று எடுக்கக்கூடாது. நல்ல சாக்கு கிடைத்தது. நல்ல சாக்காக இருந்தும் சந்தோஷமாக இல்லை.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கை இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

மாலை ஐந்து மணி. கால் வந்தது. நான் மல்லிகைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்தேன். ரப்பர் ட்யூப் வலது கையில். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானமாக இருந்தேன். பேச்சு முடிகிற நேரத்தில் தற்செயலாக உள்ளே போவது, போனைப் பார்ப்பது, சொல்வது. ஒத்திகை சரியாக இருந்தது.

ஜன்னல் வழியாக வேணியின் குரல் வந்தது. "நாளன்னிக்கு ராத்திரி கிளம்பறோம்மா. இன்னிக்குப் பொம்மையைப் படுக்க வெச்சிடுவீங்கல்ல? அதுக்கு முன்னாடி கொலுவை ஒருதரம் காட்டும்மா. பூனையை எங்க வெச்சிருக்கே?"

ஒவ்வொரு வருஷமும் விஜயதசமியன்று ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைத்தால் கொலு முடிந்தது என்று கணக்கு. அமிர்தம் போனைத் தூக்கிப் படிகளைக் காட்டினாள்.

"ஏம்மா பூனை சுவத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கு?"

"அது வந்துடி..."

"அப்பாவா திருப்பி வெச்சாரு?"

"அப்பாதான். ஆனா அது..."

"சரிம்மா. விடு. புரியுது."

அந்த 'புரியுது' என்ற சொல்லை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு இதே குரலில்தான் 'சரிப்பா' என்பாள். போனில் கண்ணாடி தெரியவில்லை. முதுகு மட்டும் தெரிந்திருக்கிறது. கூப்பிடுவதற்கென்றே அவள் வரைந்து அனுப்பிய பூனையை அப்பா சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓடினேன். அறுபத்துமூன்று வயதில் நான் அப்படி ஓடியதை அண்டை வீட்டார் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ட்யூபைக் கீழே போடவேண்டும் என்று தோன்றவில்லை. ட்யூபும் என்னோடு ஹாலுக்குள் வந்தது, தண்ணீரும் வந்தது.

"கண்ணாடி! வேணி, கண்ணாடி! கண்ணாடி இருக்குது!"

"ஐயையோ, என்னாங்க! செட்டியார் நனையறாரு!" என்று அமிர்தம் கத்தினாள்.

"கண்ணாடியைப் பார்த்துத்தாம்மா வெச்சேன்! மரியாதைக்கு!"

போனில் இரண்டு முகங்கள். வேணி இளைத்திருந்தாள். பக்கத்தில் அந்தப் பையன் கெய்தா, மூக்குக் கண்ணாடியும் தலையில் ஈரத்துண்டுமாகக் கண்ணை அகல விரித்துக்கொண்டு. நான் ஒத்திகை பார்த்த மூன்று எழுத்தும் எங்கோ போய்விட்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வலது கையில் ட்யூப் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. இடது கை தானாக மேலே போயிற்று. உள்ளங்கையைக் கவிழ்த்து, விரல்களை மடக்கி, ஆட்டினேன். ஒருமுறை, இரண்டுமுறை.

முதலில் புரிந்துகொண்டது கெய்தாதான். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, தன் இடது கையைத் தூக்கி அதே மாதிரி ஆட்டினார். அவர்கள் ஊரிலும் ஆளைக் கூப்பிடுவது இப்படித்தானாம். வேணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்து கொட்டியது, என் ட்யூபிலிருந்தும் கொட்டியது.

"வாங்க" என்றேன். அப்போதுதான் வந்தது. "ரெண்டு பேரும் வாங்க. நாளைக்கே வாங்க."

"அப்பா, நீங்க எந்தக் கையால கூப்பிட்டீங்க தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அமிர்தம் படியிலிருந்து மரப்பாச்சியை எடுத்தாள், படுக்க வைக்க. நான் வேண்டாம் என்றேன். கொலு இன்னும் முடியவில்லை, ஆள் வர வேண்டியிருக்கிறது. செட்டியாரைத் துடைத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்திருக்கிறேன். மீசையில் பாதி போய்விட்டது.

அக்டோபர் 3, வெள்ளி

128/82.

பத்தேகாலுக்கு ஆட்டோ வந்து நின்றது. அமிர்தம் ஆரத்தித் தட்டோடு நின்றாள். கெய்தா வாசப்படிக்கு வெளியிலேயே நின்று என்னைப் பார்த்தார். உள்ளே வரவில்லை. எதற்குக் காத்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இடது கையைத் தூக்கினேன். வந்தார்கள்.

மாப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இலையில் மூன்று வடை சாப்பிட்டார். ரசத்தைக் குடித்துவிட்டு ஏதோ சொன்னார். உப்பு போதவில்லை என்றாராம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. சாப்பிட்ட பிறகு என் பேனாவை வாங்கி, செட்டியாருக்குப் போன பாதி மீசையை ஒரே இழுப்பில் போட்டுக் கொடுத்தார். பழைய மீசையைவிட நன்றாக இருக்கிறது.

வேணி எனக்குப் பாயசம் ஊற்றினாள். கரண்டி வலது கைக்குப் போய், என்னைப் பார்த்து, நின்றது. நான் டம்ளரை அவள் இடது கைப்பக்கமாக நகர்த்தி வைத்தேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினாள். டம்ளரின் விளிம்பு வரைக்கும், சரியான அளவு.

"அப்பா, பூனைக்கு அடியில பார்த்தீங்களா?"

"ஏதோ ஜப்பான் எழுத்து. எனக்கு எங்க படிக்கத் தெரியும்?"

"பொய்" என்றாள். அமிர்தமும் அதையே சொன்னாள். மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார்.

சாயங்காலம் நாலு பேருமாகக் கொலு முன்னால் உட்கார்ந்தோம். சவரக் கண்ணாடியை எடுத்துக் குளியலறையில் மாட்டிவிட்டேன். அமிர்தம் பாடினாள். வேணி மரப்பாச்சி ஜோடியைப் படுக்க வைத்தாள். பிறகு பூனையையும் எடுத்துப் பக்கத்தில் சாய்க்கப் போனாள்.

"அதைப் படுக்க வைக்காதே" என்றேன். "அதுக்கு வேலை இருக்குது."

வாங்கி, வாசலைப் பார்க்கிற ஜன்னலில் வைத்தேன். நாளை போகிறவர்கள் பொங்கலுக்கு வர வேண்டும். இப்போதிருந்தே கூப்பிட ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

மல்லிகைக்கு இன்று தண்ணீர் ஊற்றவில்லை.